காணி பார்க்கப் போகிறவர்கள் உண்ணிக் காய்ச்சலையும் யோசியுங்கள்

யாழ்ப்பாணம் போகும்போது டெங்குவுக்குப் பயப்படுகிறோம். கனடாவில் லைம் நோயைப் பரப்பும் உண்ணியும் எங்களுக்குத் தெரியும். வடக்கில் மாரியோடு வருகிற உண்ணிக் காய்ச்சலைத்தான் ஒருவரும் சொல்லி அனுப்புவதில்லை. டொக்டர்மார் இதை ஸ்க்ரப் டைபஸ் என்பார்கள். நாயிலும் மாட்டிலும் ஒட்டும் உண்ணியால் இது வருவதில்லை. பற்றையிலும் புல்லிலும் இருக்கும் சிற்றுண்ணியின் குஞ்சு கடித்து வருகிறது. அது கண்ணுக்கே தெரியாது, கடித்தாலும் நோகாது.

எங்கள் வளவு சண்டைக் காலத்தில் விட்டுவிட்டு வந்தது. பக்கத்துக் காணிக்காரர் வேலியைத் தள்ளிப் போட்டுவிட்டார் என்று பெரியப்பா போனில் சொல்லிக்கொண்டே இருந்தார். போய் இறங்கியதும் அலுவலகம்தான். ஒரு மேசையில் உறுதியின் பிரதி போதாது என்றார்கள். அடுத்த மேசையில் தோம்பு, அதாவது காணிப் பதிவேட்டின் பிரதி, கேட்டார்கள். அதை எடுத்துக்கொண்டு போனால் கையெழுத்து வைப்பவர் லீவு. லீவு என்பதைச் சொல்லக்கூட மத்தியானம் வரை வாங்கில் இருத்தி வைத்தார்கள். இதை நினைத்தால் இப்போதும் கோபம் வருகிறது. கடைசியில் சேவையர் வந்தார், எல்லைக் கல்லைக் காட்டச் சொன்னார். இடுப்பளவு பற்றை. சப்பாத்தை எடுக்கப் போன என்னிடம் பெரியப்பா, "வெளிநாட்டுக்காரன் மாதிரி நிக்காமல் சாரத்தை மடிச்சுக் கட்டிக்கொண்டு இறங்கு" என்றார். அந்தச் சொல் சுட்டது. நாங்கள் எல்லோரும் போனதால்தானே அது பற்றையாய்க் கிடக்கிறது? மறுத்துச் சொல்ல வாய் வரவில்லை.

கடித்து 6 முதல் 21 நாளுக்குள் காய்ச்சல் வரும். அதற்குள் பலர் திரும்பி வந்துவிடுவார்கள். எனக்கும் அப்படித்தான். கடும் தலையிடி, உடம்பு உளைவு. மலேரியா, டெங்கு இரண்டுக்கும் சோதித்தார்கள், இரண்டும் இல்லை. பிறகு ஒரு தாதி, சாரம் கட்டிய இடத்தில், சிகரெட்டால் சுட்டது போலக் கறுத்துக் காய்ந்த ஒரு பொருக்கைக் கண்டார். வலியோ சொறிவோ இல்லாததால் நான் அதைக் கவனித்திருக்கவில்லை. அக்குள், தொடை இடுக்கு, மார்புக்குக் கீழே எல்லாம் தேடிப் பாருங்கள். எல்லோருக்கும் அந்தப் பொருக்கு வராது. இல்லை என்பதற்காக இந்த நோய் இல்லை என்று விடவும் கூடாது.

டொக்சிசைக்ளின் என்ற அன்டிபயோட்டிக் மருந்தைத் தொடங்கினால் பெரும்பாலும் 2 நாளில் காய்ச்சல் இறங்கும். அமொக்சிசிலின் இதற்கு வேலை செய்யாது. பிந்தினால் நுரையீரல், சிறுநீரகம், மூளை வரை போகும், உயிரும் போகலாம். அதனால் டொக்டர் கேட்கும்வரை காத்திருக்காமல், வடக்கில் பற்றைக்குள் நின்றேன் என்று நீங்களே சொல்லுங்கள்.

தடுப்பூசி கிடையாது. நீளக் காற்சட்டையைக் காலுறைக்குள் விட்டு, சப்பாத்தும் போடுங்கள். டீட் என்ற பூச்சிவிரட்டி 30 சதவீதம் உள்ள மருந்தைத் தோலில் பூசலாம். குழந்தைகளுக்கு அளவு குறைவு, மருந்துக்கடையில் கேளுங்கள். புல்லில் இருக்கவோ உடுப்பைக் காயப்போடவோ வேண்டாம். வந்ததும் தேய்த்துக் குளித்து, உடுப்பைத் தோய்க்கப் போடுங்கள்.

நாயுண்ணி ஒட்டினால் மண்ணெண்ணெய், நெருப்புக்குச்சி என்று வீட்டில் ஆளுக்கொன்று சொல்வார்கள். கேட்காதீர்கள். சாமணத்தால் உண்ணியைத் தோலுக்குக் கிட்டவாகப் பிடித்து நேராக இழுங்கள். காதுக்குள் போயிருந்தால் கிண்டாமல் ஆஸ்பத்திரிக்குப் போங்கள்.

அப்புறம், வளவு துப்புரவாக்க ஆள் பிடித்தால் கூலியோடு பூட்ஸும் வாங்கிக் கொடுங்கள். நாங்கள் விமானம் ஏறிய பிறகும் அந்தப் பற்றைக்குள் நிற்பவர்கள் அவர்கள். காய்ச்சல் வந்தால் எந்த வளவில் வேலை செய்தோம் என்று ஆஸ்பத்திரியில் சொல்லச் சொல்லுங்கள்.