மலை உச்சி வானாய்வகத்தில் டெக்னீஷியன் வேலை: யோசிப்பதைக் கீழேயே முடித்துவிட்டு ஏறுங்கள்

சுங்கை சிப்புட் பக்கத்துத் தோட்டத்தில் வளர்ந்தவன் நான். அப்பா செம்பனை ஆலையில் பாய்லர் பார்த்தார். நான் அதே ஆலையில் கண்ட்ரோல் பேனலில் கை பழகி, அப்புறம் கூலிமில் சிப் தொழிற்சாலைக்குப் போய், அங்கிருந்து 4,000 மீட்டருக்கு மேலே இருக்கும் ஒரு வானாய்வகத்தில் எலக்ட்ரானிக்ஸ் டெக்னீஷியன் ஆனேன். தீபாவளிக்கு ஊருக்கு வரும்போதெல்லாம் ஒட்டுக்கடையில் யாராவது ஒரு தம்பி பக்கத்தில் வந்து உட்கார்ந்து, "அண்ணே, அந்த வேலைக்கு வானசாஸ்திரம் படிக்கணுமா?" என்று கேட்பான். போன முறை இரண்டு தங்கச்சிகளும் கேட்டார்கள். படிக்க வேண்டாம். அதற்குப் பதிலாக என்ன வேண்டும் என்பதை எழுதி வைக்கிறேன்.

தொலைநோக்கி என்றதும் குழாயில் கண்ணை வைத்துப் பார்ப்பதுதான் நினைவுக்கு வரும். பெரிய தொலைநோக்கியில் யாரும் கண்ணை வைப்பதில்லை. மோட்டார் திருப்பும், எந்தக் கோணத்தில் நிற்கிறது என்று என்கோடர் சொல்லும், அளவைத் தாண்டினால் லிமிட் சுவிட்ச் நிறுத்தும், கடைசியில் ஒரு குளிரூட்டப்பட்ட கேமரா ஒளியை எண்ணாக மாற்றும். ஹவாயில் மௌனா கேயா மலையில் இருக்கும் கெக் தொலைநோக்கியின் 10 மீட்டர் கண்ணாடி ஒரே துண்டு இல்லை, 36 அறுகோணத் துண்டுகள். துண்டுகளின் விளிம்பில் 168 சென்சார்கள், பின்னால் துண்டுகளை நுணுக்கமாக நகர்த்தும் 108 ஆக்சுவேட்டர்கள். விநாடிக்கு இரண்டு முறை திருத்தித் திருத்தித்தான் அது ஒரே கண்ணாடியாக நிற்கிறது. அதில் ஒரு சென்சார் தப்பாகச் சொன்னால் விஞ்ஞானியால் ஒன்றும் செய்ய முடியாது, டெக்னீஷியன்தான் போக வேண்டும். ஆலையில் சென்சார் அளவைக் கொண்டுவரும் 4-20 மில்லியாம்ப் சிக்னலைத் துரத்தி, எண்ணெய்ப் பிசுக்கில் கருத்துப்போன டெர்மினலைக் கண்டுபிடித்தவருக்கு இந்த வேலையில் பாதி ஏற்கெனவே தெரியும்.

படிப்பு: எஸ்.பி.எம். முடித்து எலக்ட்ரானிக்ஸ் அல்லது கருவியியல் டிப்ளோமா எடுங்கள். நம் ஊரிலிருந்து ஈப்போ உங்கு ஓமார் போலிடெக்னிக் பக்கம்தான், 1969இல் தொடங்கிய நாட்டின் முதல் போலிடெக்னிக் அது. தொழிற்கல்லூரி, எஸ்.கே.எம். திறன் சான்றிதழ் வழியும் நல்ல வழிதான். சான்றிதழை விடப் பெரிது அதற்கப்புறம் வரும் மூன்று நான்கு வருடம். ஆலையிலோ தொழிற்சாலையிலோ பி.எல்.சி. (இயந்திரத்தை ஓட்டும் சின்னக் கம்ப்யூட்டர்), மோட்டார் வேகத்தை மாற்றும் இன்வெர்ட்டர், சர்வோ மோட்டார், எடை அளக்கும் லோட் செல் எல்லாவற்றிலும் கை வைத்திருக்க வேண்டும். முடிந்தால் கூலிம், பினாங்கு பக்கம் சிப் தொழிற்சாலையில் கொஞ்ச காலம் இருங்கள். அங்கே கற்றுக்கொள்ளும் வேக்குவம் பம்பும் ஹீலியம் வைத்துக் கசிவு தேடுவதும் வானாய்வகக் கேமராவுக்கு அப்படியே பயன்படும், ஏனென்றால் அந்தக் கேமராவின் சிப் வேக்குவம் அறைக்குள்ளே மைனஸ் 100 டிகிரி செல்சியஸ் அளவில் உட்கார்ந்திருக்கும். லினக்ஸ், கொஞ்சம் பைத்தான், சர்க்யூட் வரைபடம் படிப்பது, ஆங்கிலத்தில் தெளிவாக நாலு வரி ரிப்போர்ட் எழுதுவது, இவையும் வேண்டும். கடைசியாகச் சொன்னதை நம் பிள்ளைகள் அலட்சியப்படுத்துகிறார்கள், தயவுசெய்து அப்படிச் செய்யாதீர்கள்.

இனி மலைக்கு வருவோம். அங்கே எல்லாத் தொல்லைக்கும் ஒரே காரணம், காற்று குறைவு. கேமரன் மலையில் ஏறக்குறைய 1,500 மீட்டரில் நாம் ஒன்றும் உணர்வதில்லை. 4,200 மீட்டரில் காற்றழுத்தம் கடல் மட்டத்தில் இருப்பதில் சுமார் 60 சதவீதம்தான். தண்ணீரே 86 டிகிரியில் கொதித்துவிடும், டீ சரியாக இறங்காது. தலைவலி, தூக்கமின்மை, படி ஏறினால் மூச்சு வாங்குவது எல்லாம் வரும், பழகிக்கொள்ளலாம். அதனால்தான் மௌனா கேயாவில் வேலை செய்பவர்கள் 2,800 மீட்டரில் இருக்கும் விடுதியில் தங்கி உடம்பைப் பழக்கிக்கொண்டு மேலே போகிறார்கள். சிலியில் அல்மா வானாய்வகத்தின் 66 ஆன்டெனாக்கள் 5,000 மீட்டரில் இருக்கின்றன, அங்கே ஆக்சிஜன் சிலிண்டரோடு வேலை செய்வது சாதாரணம்.

ஆனால் தலைவலியை விட மோசமானது, மூளை மந்தமாவது. மந்தமானது நமக்கே தெரியாது, அதுதான் ஆபத்து. முதல் வருடத்தில் எனக்கு நடந்தது இது. தொலைநோக்கி கிழக்கே ஒரு குறிப்பிட்ட கோணத்தைத் தாண்டும்போது மட்டும் என்கோடர் சிக்னல் அறுந்துபோகும், திருப்பினால் வந்துவிடும். மூன்று பகல் மேலேயே உட்கார்ந்து யோசித்தேன், ஒரே கார்டை இரண்டு முறை மாற்றினேன், மாற்றியதே நினைவில்லை. நாலாம் நாள் கீழே விடுதியில் வரைபடத்தை விரித்து வைத்து ஒரு மணி நேரம் பார்த்ததும் புரிந்தது: தொலைநோக்கியோடு சேர்ந்து சுற்றும் கேபிள் கட்டில், வளைந்து நிமிர்ந்து உள்ளேயே அறுந்த ஒரு கம்பி. அதன்பிறகு வழக்கத்தை மாற்றிக்கொண்டேன். என்ன சோதிக்க வேண்டும், எந்தக் கனெக்டர், எத்தனை வோல்ட் வர வேண்டும், வராவிட்டால் அடுத்து என்ன, எல்லாவற்றையும் கீழேயே தாளில் எழுதிக்கொண்டு போவேன். மேலே போய் ஒவ்வொன்றாகச் செய்து டிக் போடுவேன், கழற்றிய ஒவ்வொன்றையும் படம் எடுப்பேன். தாளில் இல்லாத புது யோசனை மேலே தோன்றினால் உடனே செய்ய மாட்டேன், கூட வந்தவரிடம் சத்தமாகச் சொல்லிப் பார்ப்பேன்.

காற்று குறைவு கருவிகளையும் விடாது. ஃபேன் அதே வேகத்தில் சுற்றினாலும் அள்ளிப்போகும் காற்று குறைவு, ஆகவே வெளியே குளிர் நடுக்கினாலும் பெட்டிக்குள்ளே பவர் சப்ளை சுடும். முழு லோடில் ஓட்டாதீர்கள், சூட்டை வெளியேற்றும் உலோகத் தகடான ஹீட் சிங்க்கைப் பெரிதாக்குங்கள். உயர் வோல்டேஜ் சீக்கிரம் ஸ்பார்க் அடிக்கும். பொதுவான கருவிகளில் மின்சாரம் தாவாமல் இருக்க விடும் இடைவெளிக் கணக்கு 2,000 மீட்டர் வரைக்கும்தான், 4,000 மீட்டரில் 1.29 மடங்கு இடைவெளி கேட்கிறது சர்வதேச விதி. சாதாரண ஹார்ட் டிஸ்க்கின் தலை காற்றுப் படலத்தின் மேல்தான் மிதக்கிறது, பெரும்பாலானவை சுமார் 3,000 மீட்டர் வரைக்கும்தான் உத்தரவாதம் உள்ளவை. மேலே எஸ்.எஸ்.டி. மட்டும் பயன்படுத்துங்கள்.

நம் ஊர்ப் பழக்கம் ஒன்று அங்கே ஆளைக் கவிழ்க்கும். மலேசியாவின் ஈரக் காற்றில் உடம்பில் ஸ்டாட்டிக் மின்சாரம் தங்காது, ஆகவே வெறுங்கையால் போர்டைத் தொட்டே பழகியிருப்போம். மலை உச்சியில் ஈரப்பதம் 10 சதவீதத்துக்கும் கீழே இறங்கும். ஜாக்கெட்டைக் கழற்றிவிட்டுக் கேமரா கார்டைத் தொட்டால் போச்சு, அதுவும் உடனே சாகாமல் இரண்டு மாதம் கழித்துத் தொல்லை கொடுக்கும். ஸ்டாட்டிக்கை எர்த்துக்கு இறக்கும் மணிக்கட்டுப் பட்டை இல்லாமல் எதையும் தொடாதீர்கள். இடி விஷயத்தில் மட்டும் நாம் கெட்டிக்காரர்கள், பிற்பகல் இடியில் மோடமும் டிவியும் எரிந்ததைப் பார்த்தே வளர்ந்தவர்கள். கட்டடத்துக்குக் கட்டடம் செம்புக் கம்பி இழுக்காமல் ஃபைபர் போடுவது, எர்த்தை ஒரே புள்ளியில் சேர்ப்பது, இதெல்லாம் அங்கேயும் அதேதான்.

இரண்டு விஷயத்தில் உயிரே போகலாம். தொலைநோக்கியையும் அதை மூடியிருக்கும் சுழலும் கூரையான டோமையும் வேறு அறையிலிருந்து, சில சமயம் வேறு ஊரிலிருந்து, ஒருவர் திருப்ப முடியும். பிரேக்கரை இறக்கி உங்கள் சொந்தப் பூட்டைப் போட்டு, சாவியைப் பையில் வைத்துக்கொண்டு, அப்புறம் உள்ளே போங்கள். கண்ட்ரோல் அறையில் வாய்வார்த்தையாகச் சொன்னது பூட்டு ஆகாது. இன்னொன்று கேமராவைக் குளிர்விக்க ஊற்றும் திரவ நைட்ரஜன். ஒரு லிட்டர் கொட்டினால் சுமார் 700 லிட்டர் வாயுவாகி அறையில் இருக்கும் ஆக்சிஜனைத் தள்ளிவிடும், ஏற்கெனவே குறைவாக இருக்கும் இடத்தில். ஆக்சிஜன் மீட்டர் இல்லாத அறையில் தனியாக அதை ஊற்றாதீர்கள்.

வேலை பெரும்பாலும் பகலில். பொழுது சாயும் முன் தொலைநோக்கியை ஒப்படைக்க வேண்டும். கிளம்பும் முன் டோமுக்குள் விளக்கை அணைத்து ஐந்து நிமிடம் இருட்டில் நில்லுங்கள், நீங்கள் மாட்டிய புதுப் பெட்டியின் பச்சை எல்.இ.டி. அப்போதுதான் கண்ணில் படும். கறுப்பு டேப் ஒட்டுங்கள். அந்த ஒரு புள்ளி வெளிச்சம் ஒருவரின் ஓர் இரவு உழைப்பைக் கெடுக்கப் போதும்.

விண்ணப்பிக்கும்போது பெரிய தடை விசா. அந்தந்த நாட்டில் வேலை அனுமதி உள்ளவர்களைத்தான் பல இடங்களில் முதலில் பார்ப்பார்கள். பக்கத்தில் தாய்லாந்தின் டோய் இந்தானோனில் 2,457 மீட்டரில் 2.4 மீட்டர் தொலைநோக்கி இருக்கிறது, தமிழ்நாட்டில் காவலூரில் 1986 முதல் வைணு பாப்பு தொலைநோக்கி இருக்கிறது, இந்தியாவிலேயே செய்தது. உறவினர் வீட்டுக்குப் போகும்போது காவலூரை ஒரு முறை எட்டிப் பாருங்கள், என்ன மாதிரி இயந்திரம் என்று கண்ணால் தெரிந்துவிடும். விண்ணப்பத்தோடு நீங்கள் தீர்த்த ஒரு பழுதைப் பற்றி ஒரு பக்கம் எழுதி அனுப்புங்கள்: என்ன அறிகுறி, என்ன சந்தேகப்பட்டீர்கள், எப்படி ஒவ்வொன்றாக விலக்கினீர்கள், கடைசியில் எது. ஆலையில் ஸ்டெரிலைசர் கதவு சென்சார் பழுதாக இருந்தாலும் பரவாயில்லை. என்னிடம் நேர்காணலில் அரை மணி நேரம் கேட்டது அந்த ஒரு பக்கத்தைப் பற்றித்தான்.