மானிட்டரைத் தூக்கிக்கொண்டு கீழே இறங்குவதற்கு முன்

கோத்தகிரி, குன்னூர் பக்கம் இருப்பவர்களுக்கு மானிட்டர் கெட்டால் ரிப்பேர் செலவோடு முடிவதில்லை, அதைப் போர்வையில் சுற்றி பஸ்ஸில் ஏற்றி மேட்டுப்பாளையமோ கோவையோ இறங்கியாக வேண்டும், ஒரு நாள் போச்சு. அங்கே மாட்டிப் பார்த்தால் ஜம்மென்று ஓடும், கேபிள்தான் போயிருக்கும். அதனால் கோளாறு மானிட்டரிலா, கம்ப்யூட்டரிலா என்பதை வீட்டிலேயே தெரிந்துகொள்ளுங்கள்.

இதற்கு எந்தக் கருவியும் வேண்டாம். மானிட்டரின் ஓரத்தில் இருக்கும் பட்டனை அமுக்கி மெனுவை வரவழையுங்கள். பிரைட்னஸ், காண்ட்ராஸ்ட் எல்லாம் காட்டும் அந்தப் பெட்டியை மானிட்டரே வரைகிறது, கம்ப்யூட்டருக்கு அதில் வேலையே இல்லை. பின்னால் படம் ஆடிக்கொண்டோ கோடு விழுந்தோ இருக்கும்போது மெனு மட்டும் சுத்தமாக நின்றால் கேபிள், கிராபிக்ஸ் கார்டு (கம்ப்யூட்டருக்குள் படத்தை உருவாக்கும் அட்டை), டிரைவர் (அந்தக் கார்டை இயக்கும் மென்பொருள்) இவற்றில் ஏதோ ஒன்று. மெனுவின் மேலேயும் அதே கோடு ஓடுகிறதா, மானிட்டர்தான். மெனு சுத்தமாக இருந்தால் அடுத்து ஒரு ஸ்கிரீன்ஷாட் எடுத்து போனுக்கு அனுப்புங்கள்: போனிலும் கோடு தெரிந்தால் கார்டோ டிரைவரோ, தெரியாவிட்டால் பெரும்பாலும் கேபிள்.

படமே வரவில்லை என்றால் மானிட்டரின் பவரை அப்படியே விட்டுவிட்டு வீடியோ கேபிளை மட்டும் கழற்றுங்கள். 'நோ சிக்னல்' என்று ஒரு பெட்டி வந்தால் மானிட்டருக்கு உயிர் இருக்கிறது. அப்புறம் கேபிளைத் திரும்ப மாட்டி, மெனுவில் இன்புட் (கேபிள் மாட்டிய சாக்கெட்) சரியாக இருக்கிறதா, கேபிள் கிராபிக்ஸ் கார்டில் மாட்டாமல் மதர்போர்டில் (கம்ப்யூட்டரின் முதன்மைப் பலகையில்) மாட்டியிருக்கிறதா என்று பாருங்கள், வீட்டைப் பெருக்கித் துடைத்த மறுநாள் வரும் புகார்களில் பாதி இதுதான். அதுவும் சரியென்றால் கம்ப்யூட்டரின் பவரை எடுத்துவிட்டு உள்ளே இருக்கும் ரேமை, அதாவது நினைவகப் பட்டையைக் கழற்றி, அதன் தங்க நிறப் பற்களை அழிரப்பரால் மெதுவாகத் துடைத்து மாட்டுங்கள். நம் ஊர் ஈரத்தில் இது அடிக்கடி பலிக்கும்.

திரை கறுப்பு, ஆனால் கம்ப்யூட்டர் சத்தம் எல்லாம் சரியாக வருகிறது என்றால் அறையை இருட்டாக்கி டார்ச்சைச் சாய்வாக அடித்துப் பாருங்கள். ஐகான்கள் மங்கலாகத் தெரிந்தால் படம் இருக்கிறது, பின்விளக்குதான் இல்லை. பழைய விஜிஏ கேபிள் (சிவப்பு, பச்சை, நீலம் தனித்தனிக் கம்பியில் வரும் வகை) வைத்திருப்பவர்களுக்கு நிறமே துப்பு கொடுக்கும்: எல்லாம் மஞ்சளித்தால் நீலம் வரவில்லை, ஊதா கலந்த சிவப்பானால் பச்சை வரவில்லை, நீலப்பச்சையானால் சிவப்பு வரவில்லை. பிளக்கைக் கழற்றி உள்ளே பின் வளைந்திருக்கிறதா பாருங்கள்.

இனி மலைக்கே உரிய வியாதிகள். ஜனவரிக் காலையில், வெளியே புல்லில் உறைபனி கிடக்கும் நேரத்தில், ஆன் செய்தால் திரை ஒரு நொடி மின்னி அணையும், திரும்ப மின்னும், பத்து நிமிடம் போராடிவிட்டு ஒழுங்காக ஓடும், மதியம் அணைத்துப் போட்டால் உடனே வந்துவிடும். அது மானிட்டரின் பவர் போர்டில் வயதான கெபாசிட்டர், மின்சாரத்தைத் தேக்கி வைக்கும் குட்டி உருளை. குளிரில் அதன் உள் எதிர்ப்பு ஏறிவிடும், சூடானதும் இறங்கும். தலை உப்பிய கெபாசிட்டரை மாற்றச் சில்லறைக் காசுதான், ஆனால் நீங்களே திறக்காதீர்கள், 230 வோல்ட் உள்ளே போய் டிசி ஆகும்போது ஏறக்குறைய 325 வோல்ட், பிளக்கைப் பிடுங்கிய பிறகும் கொஞ்ச நேரம் நிற்கும். குளிரில் கர்சர் வால் பிடித்த மாதிரி இழுபடுவது மட்டும் கோளாறு இல்லை, திரவப்படிகம் குளிரில் மெதுவாகத்தான் திரும்பும், விட்டுவிடுங்கள்.

மூடுபனி நாட்களில் ஜில்லென்ற அறையிலிருந்து அடுப்பு எரியும் அறைக்கு மானிட்டரை மாற்றினால் உடனே ஆன் செய்யாதீர்கள், உள்ளே நீர் கோத்திருக்கும். சில மணி நேரம் காத்திருங்கள். பிளாஸ்டிக் உறை போடும் பழக்கத்தையும் நிறுத்துங்கள், ஈரத்தை உள்ளே அடைத்து வைப்பது அதுதான், பழைய பருத்தித் துண்டு போதும்.

மழைக்காலத்தில் திரையில் ஒரு கறுப்புப் புள்ளி தெரிந்து, டெட் பிக்சல் (செத்துப்போன திரைப்புள்ளி) என்று நினைத்தால், அது சற்றே நகர்ந்திருக்கும்! பொடிப் பூச்சி, வெளிச்சத்தைத் தேடி பேனலுக்கும் பின்விளக்குத் தாளுக்கும் நடுவில் போய்விடுகிறது. தயவுசெய்து விரலால் அழுத்தாதீர்கள், நசுங்கினால் நிரந்தரமாக அங்கேயே இருக்கும். மானிட்டரை அணைத்து, ஓரமாக ஒரு விளக்கை எரியவிட்டால் பெரும்பாலும் தானே வெளியே வந்துவிடும்.

மரம் விழுந்து லைன் போய்த் திரும்ப வந்த பிறகு மானிட்டரில் பவர் விளக்கே எரியவில்லையென்றால் வேறு பிளக் பாயிண்டிலும் வேறு பவர் கார்டிலும் ஒருமுறை பாருங்கள். வெளியே அடாப்டர் இருக்கும் மாடலானால் முதலில் போவது அடாப்டர்தான், அதை மட்டும் எடுத்துக்கொண்டு இறங்கினால் போதும்.

மானிட்டரையே கொண்டுபோக வேண்டி வந்தால் ஸ்டாண்டைக் கழற்றி, திரைப் பக்கம் கெட்டி அட்டை வைத்துக் கட்டி, படுக்கப் போடாமல் நிமிர்த்திக் கொண்டுபோங்கள், கேபிளையும் கூடவே எடுத்துக்கொள்ளுங்கள். காலையில் மட்டும் வரும் கோளாறு என்றால் அதைப் போனில் வீடியோ எடுத்து வைத்துக்கொள்ளுங்கள், மேட்டுப்பாளையத்து வெயிலில் அது வராது.