மொட்டை மாடிக்கு வெள்ளைப் பூச்சு: நாமே அடிப்பது எப்படி?

மேல்தளத்தில் குடியிருப்பவர்களுக்குத் தெரியும், வெயில் தாழ்ந்த பிறகுதான் வீடு உண்மையில் கொதிக்கும். கான்கிரீட் தளம் பகலெல்லாம் வாங்கிய சூட்டை மாலையிலிருந்து சாவகாசமாக உள்ளே இறக்கும். மின்விசிறி போட்டால் காற்று வருமே தவிர அறை குளிராது. அதனால் ஜன்னல் மறைப்பு, செடிகொடி எல்லாம் அப்புறம். முதலில் கூரை. எங்கள் மாடிக்கு நானே அடித்துப் பார்த்த முறை இது.

எவ்வளவு குறையும்? 80 சதவீத வெயிலைத் திருப்பி அனுப்பும் சுத்தமான வெள்ளைக் கூரை, 20 சதவீதமே திருப்பும் சாம்பல் கூரையைவிடக் கோடைப் பிற்பகலில் சுமார் 31 டிகிரி செல்சியஸ் குளிர்ந்திருக்கும் என்பது அமெரிக்காவின் லாரன்ஸ் பெர்க்லி ஆய்வகத்தின் கணக்கு. இது கூரையின் மேற்பரப்புக்கு. அறைக்குள் அந்த அளவு எதிர்பார்க்க வேண்டாம். ஒருசில டிகிரி இறங்கினாலே ராத்திரித் தூக்கத்தில் வித்தியாசம் தெரியும்.

எதை வாங்குவது

டப்பாவில் ‘எஸ்ஆர்ஐ’ என்ற எண்ணைத் தேடுங்கள். வெயிலைத் திருப்பி, வாங்கிய சூட்டையும் வெளியே விடும் திறனுக்கு, கறுப்புக்கு 0, வெள்ளைக்கு 100 என்று வைத்த அளவுகோல் அது. எண் கூடினால் கூரை அதிகம் சூடாகாது. 100ஐத் தாண்டியும் வரலாம், ஏமாற்று அல்ல. சுவருக்கு மீந்த பெயின்டைக் கூரையில் அடிக்காதீர்கள், தேங்கும் தண்ணீரை அது தாங்காது. சும்மா பார்க்கலாம் என்று நினைப்பவர்களுக்குச் சுண்ணாம்பே போதும். மழையில் கரையும், வருடா வருடம் அடிக்க வேண்டும், ஆனால் ஈரத்தை உள்ளே பூட்டாது. கண்ணில் பட்டால் ஆபத்து, கண்ணாடி போட்டுக்கொண்டு கலக்குங்கள்.

தேய்த்துக் கழுவுதல்

கம்பி பிரஷ், தண்ணீர், பாசி இருந்தால் ப்ளீச்சிங் பவுடர். பவுடர் போட்ட இடத்தில் ஆசிட் ஊற்றவே கூடாது, குளோரின் வாயு கிளம்பும். காய்ந்ததும் ஆங்காங்கே சொட்டுத் தண்ணீர் விடுங்கள். உறிஞ்சினால் சரி. முத்து முத்தாக நின்றால் எண்ணெயோ பழைய பூச்சோ இருக்கிறது, மறுபடி தேய்க்க வேண்டியதுதான்.

ஈரச் சோதனை: இங்கேதான் நிதானம் வேண்டும்

எனக்கு அதிக நேரம் எடுத்தது இந்தப் படிதான். மேலே தொட்டால் உலர்ந்திருக்கும், தளத்தின் உள்ளே ஓதம் இருக்கும். அதன்மேல் பூச்சு அடித்தால், முதல் நல்ல வெயிலில் உள்ளிருக்கும் ஈரம் ஆவியாகி மேலே தள்ளும். பூச்சு கொப்புளம் கொப்புளமாக எழும்பி, பிறகு தோல்தோலாக உரியும். உரிந்ததைச் சுரண்டுவது புதிதாக அடிப்பதைவிடப் பெரிய வேலை.

சோதிக்க ஒன்றரை அடிச் சதுரத்தில் தெளிவான பிளாஸ்டிக் தாள் போதும். நான்கு ஓரத்தையும் டேப்பால் இடைவெளியில்லாமல் ஒட்டி, குறைந்தது 16 மணி நேரம் விடுங்கள். பிரித்துப் பார்க்கும்போது தாளின் அடியில் நீர்த்துளி இருந்தாலோ, கான்கிரீட் அந்தச் சதுரத்தில் மட்டும் கறுத்திருந்தாலோ தளம் இன்னும் தயாராகவில்லை. தாளின் மேலே இருப்பது பனி, அதைப் பார்த்துப் பதற வேண்டாம். வடிகால் வாய், தண்ணீர்த் தொட்டியின் அடி, குட்டை கட்டும் மூலை, இந்த இடங்களில் கட்டாயம் ஒட்டுங்கள். நடுவில் மட்டும் ஒட்டிப் பார்த்தால் அது நமக்குச் சாதகமாகத்தான் சொல்லும்.

வாரக்கணக்கில் காத்தும் ஒரே இடம் ஈரமாகவே இருந்தால், அது நீர்க்கசிவு. அதைச் சரிசெய்யாமல் வெள்ளை அடிப்பது வீண். வெடிப்புகளை நெகிழும் தன்மையுள்ள நிரப்பியால் அடையுங்கள், வெறும் சிமென்ட் மறுபடி பிளக்கும்.

அடிக்கும் நேரம்

காலையில் சுறுசுறுப்பாக ஆரம்பிப்பதுதான் எல்லாருக்கும் வழக்கம். நான் பிற்பகல் பக்கம். தளம் சூடேறும் நேரத்தில் கான்கிரீட்டின் நுண்துளைகளில் உள்ள காற்று விரிந்து வெளியேறி, பூச்சில் ஊசித்துளைகள் போடும். உச்சி வெயில் சாய்ந்து தளம் ஆறத் தொடங்கும்போது அடித்தால் இந்தத் தொல்லை குறைவு. பனி இறங்குமுன் காய நேரம் இருக்கிறதா என்று மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள்.

நீளக் கைப்பிடி ரோலர், அதுவும் நல்ல தடித்த பஞ்சு உள்ளது. மூலைக்கு மட்டும் பிரஷ். ஸ்பிரே துப்பாக்கி காற்றடித்தால் பக்கத்து வீட்டுக்கும் சேர்த்து வெள்ளையடிக்கும், எனக்குப் பிடிப்பதில்லை. முதல் கோட் நீளவாக்கில், நன்றாகக் காய்ந்தபின் இரண்டாவது குறுக்குவாக்கில். மாடிப்படி வாசலை நோக்கிப் பின்னால் நகர்ந்தே அடியுங்கள்.

சேர்க்கை: கருத்துகளில் வந்தவை

தகரக் கூரைக்கு ஆகுமா என்று பலர் கேட்டிருந்தார்கள். தாராளமாக, துருவுக்கான பிரைமர் அடித்த பிறகு. பளபளக்கும் தகரம் வெயிலைத் திருப்பினாலும் வாங்கிய சூட்டைச் சீக்கிரம் வெளியே விடாது, அதனால் வெள்ளை பூசுவதில் பலன் உண்டு. கல்நார் ஓடு என்றால் கம்பி பிரஷ் பக்கமே போகாதீர்கள். அதன் இழை நுரையீரலுக்குக் கேடு.

ஈரத்தில் வழுக்குகிறது என்று ஒருவர் எழுதியிருந்தார். உண்மைதான். துணி காயப்போட நடக்கும் பாதையில் மட்டும், இரண்டாவது கோட் ஈரமாக இருக்கும்போதே சலித்த மணலைத் தூவிவிடுங்கள்.

அடுத்த வருடம் பலன் குறைகிறதே என்ற கேள்விக்கு: பெரும்பாலும் தூசிதான். கோடை தொடங்கும் முன் சோப்புத் தண்ணீரும் மென்மையான பிரஷுமாக ஒருமுறை கழுவிப் பாருங்கள். கழுவியும் சாம்பல் தெரியும் இடத்துக்கு மட்டும் ஒரு கோட் போதும், முழு மாடிக்கும் தேவையில்லை.