சைனஸ் தொற்று திரும்பத் திரும்ப வராமலிருக்க

சளி பிடிக்கும்போது மூக்கின் உட்புறச் சவ்வு வீங்கி, மூக்கைச் சுற்றியுள்ள எலும்புகளில் இருக்கும் காற்றறைகளான சைனஸ் அறைகளின் குறுகிய வடிகால் துளைகளை அடைத்துவிடுவதால், உள்ளே தேங்கும் சளியில் கிருமிகள் பெருகுகின்றன. ஆகவே அந்தப் பாதை அடைபடாமல் பார்த்துக்கொள்வதே முதன்மையான தடுப்பு.

இதற்கு உப்புநீரால் மூக்கைக் கழுவுவது நல்ல பலன் தரும். ஒரு நிமிடமாவது நன்கு கொதித்து, வெதுவெதுப்பாக ஆறிய 240 மி.லி. நீரில் அயோடின் கலக்காத உப்பு அரைத் தேக்கரண்டியும் சமையல் சோடா ஒரு சிட்டிகையும் கரைத்து, கைகழுவும் தொட்டியின் மேல் குனிந்து தலையை ஒருபக்கம் சாய்த்து, வாயால் மூச்சுவிட்டபடி மேற்புற நாசியில் மெல்ல ஊற்றினால், அது மறு நாசி வழியே வெளியேறும். கொதிக்க வைக்காத குழாய்நீரை இதற்கு ஒருபோதும் பயன்படுத்தாதீர்கள்; அதில் அரிதாக இருக்கக்கூடிய ஒருவகை அமீபா, மூக்கு வழியே மூளையை அடைந்து உயிரையே பறித்துவிடும். கழுவும் குப்பியையும் ஒவ்வொரு முறையும் சுத்தம் செய்து உலர்த்துங்கள்.

அடைப்பை உடனே நீக்கும் சொட்டு மருந்துகளை 3 நாட்களுக்கு மேல் தொடர்ந்தால், அடைப்பு முன்னிலும் கடுமையாகத் திரும்பும். புகையைத் தவிர்ப்பதும், ஒவ்வாமை இருந்தால் அதற்கான சிகிச்சையைக் கைவிடாதிருப்பதும் அவசியம்.

தொந்தரவு 10 நாட்களுக்கு மேல் நீடித்தாலோ, குறைந்தபின் மீண்டும் மோசமானாலோ மருத்துவரைப் பாருங்கள். கண்ணைச் சுற்றி வீக்கமோ, பார்வையில் மாற்றமோ, கடும் தலைவலியோ தோன்றினால் தாமதமின்றி உடனே செல்லுங்கள்.