பூமரத்தைக் காக்கும் சித்திரத்தை அந்த மரத்திலேயே அறையலாமா?

சித்திரையில் கொன்றை பூக்கும். அதே நாட்களில்தான் மட்டக்களப்புப் பக்கம் பாசிக்குடாவுக்கும் கல்லடிக்கும் வெளியூர்ச் சனம் பஸ் பஸ்ஸாக வந்து இறங்கும். மஞ்சள் கொத்தைக் கண்டதும் கை சும்மா இருக்காது, எட்டி முறித்துக்கொண்டு போகும். இதைத் தடுக்கப் பிள்ளைகள் கீறிய சித்திரங்களை மரங்களுக்குப் பக்கத்தில் வைப்பது நல்ல வழிதான். அறிவித்தல் பலகையை ஏறெடுத்தும் பார்க்காதவர்கூட, சின்னப் பிள்ளை கீறிய மரத்தின் முன்னால் ஒரு கணம் நிற்பார். ஆனால் அதை ஒழுங்குபடுத்தும் பெரியவர்கள் விடுகிற பிழைகள் கொஞ்சமல்ல. நானும் விட்டிருக்கிறேன்.

பெரிய பிழை ஆணி. முதல் தடவை, “பூமரத்தை நோகடிக்காதீர்” என்று எழுதிய படத்தை ஒரு பூவரசின் உடம்பிலேயே நான்கு ஆணி அறைந்து மாட்டினோம். சுத்தியல் என் கையில்தான் இருந்தது. பின்னேரம் போனில் எடுத்த படத்தைப் பார்த்தபோதுதான் செய்த கூத்து விளங்கியது. வெட்டுப்பட்ட கொக்கட்டி மரம் இரத்தம் சிந்தியது என்று கொக்கட்டிச்சோலைத் தான்தோன்றீச்சரத்துக்குத் தலக்கதை சொல்லும் ஊர்க்காரர் நாங்கள். ஆணி மட்டும் மரத்தை ஒன்றும் செய்யாதென்று எப்படி நினைத்தோமோ.

இலையில் உருவாகும் உணவு வேருக்கு இறங்கும் பாதை பட்டைக்குள்ளேதான் இருக்கிறது. மரத்தைப் பருக்கச் செய்யும் மெல்லிய படையும் அதையொட்டித்தான். ஆணி இரண்டையும் குத்திக் கிழிக்கிறது, அந்தத் துளையால் பங்கசு உள்ளே போகிறது. சரி, ஆணி வேண்டாம், நைலோன் கயிற்றால் கட்டுவோம் என்றால் அது இன்னும் மோசம். மரம் பருக்கும், கயிறு நீளாது. இரண்டு மூன்று வருடத்தில் கயிறு பட்டைக்குள் புதைந்து மரத்தின் கழுத்தை நெரிக்கும். அடிமரத்துக்கு எனாமல் பெயின்ற் பூசி அதன் மேல் படம் கீறுவதையும் விட்டுவிடுங்கள். மரத்திலிருந்து நாலைந்து முழம் தள்ளி, பெரிய வேர் இல்லாத இடமாகப் பார்த்து இரண்டு கம்பு நட்டு, அதில் சட்டத்தைப் பொருத்தினால் போதும்.

அடுத்த பிழை பிள்ளைகளை மரத்தடிக்கே கூட்டிப் போகாதது. வகுப்பறைக்குள் இருத்தி “பூமரம் கீறுங்கள்” என்றால், போனில் பார்த்த ஜப்பான் செர்ரி மரம்தான் ரோஸ் நிறத்தில் வரும். அதைப் பார்க்கிற பயணிக்கு எதிரில் நிற்கும் மரம் நினைவுக்கு வராது. பாய் போட்டு மரத்தடியில் இருத்துங்கள். கொன்றையின் பூ சரம் சரமாகக் கீழே தொங்குவதையும், பூக்கும் காலத்தில் அது இலையை உதிர்த்துவிடுவதையும் பிள்ளை தானே கண்டுபிடிக்கும். பூவரசம்பூ காலையில் மஞ்சள், பொழுது சாயும்போது சிவந்துவிடும். ஒரே பூவைக் காலையில் ஒருமுறையும் பின்னேரம் ஒருமுறையும் கீறச் சொல்லிப் பாருங்கள். அப்படி வைத்த இரட்டைப் படத்துக்கு முன்னால்தான் ஆட்கள் கூடுதலாக நிற்பதைக் கண்டிருக்கிறேன்.

எந்த மரம் என்று தேடவும் தேவையில்லை. ஊர்ப் பெயர்களிலேயே மரம் இருக்கிறது: புன்னைச்சோலை, நாவற்குடா, மகிழடித்தீவு, அம்பாறைப் பக்கம் ஆலையடிவேம்பு. ஊருக்குப் பெயர் கொடுத்த மரத்தை அந்த ஊர்ப் பிள்ளையே கீறினால், வழிகாட்டிப் பலகைக்கு அது நல்ல துணை.

வாசகத்தில் வரும் பிழை வேறு மாதிரி. பெரும்பாலான படங்களில் கோடரியும் வெட்டுண்ட அடிக்கட்டையும் கண்ணீர் விடும் மரமும் இருக்கும். சுற்றுலா வருகிறவர் யாரும் கோடரியோடு வருவதில்லையே! அவர் செய்வது வேறு. கிளையில் தொங்கி செல்பி எடுப்பார், பட்டையில் பெயர் வெட்டுவார், மரத்தோடு ஒட்டி மூன்று கல் வைத்துச் சோறு சமைப்பார், நிழலுக்காக வான் வண்டியை வேருக்கு மேலேயே நிறுத்துவார். தண்ணீரை உறிஞ்சும் மெல்லிய வேர்கள் பெரும்பாலும் மேல்மண்ணில், ஒன்றிரண்டு அடி ஆழத்துக்குள்தான் பரவியிருக்கும். வாகனம் ஏறி மண் இறுகினால் அவற்றுக்குக் காற்றுமில்லை, நீருமில்லை. அடுப்பு நெருப்போ பட்டையை அவித்துவிடும். பிள்ளைகள் கீற வேண்டியது இந்த அடுப்பையும் இந்த வான் வண்டியையும்தான்.

“செய்யாதே” என்பதோடு நிறுத்துவதும் எனக்குப் பிடிப்பதில்லை. பூ வேண்டுமென்று வந்தவருக்கு ஒரு வழி காட்ட வேண்டாமா? மகிழம்பூ தானாகவே உதிரும், காய்ந்த பிறகும் மணக்கும். “கீழே கிடப்பதை எடுங்கள், மேலே இருப்பது எங்களுக்கு” என்று ஒரு பிள்ளை எழுதினால், எந்தக் கட்டளையையும் விட அது வேலை செய்யும். எழுத்துப்பிழை இருந்தால் இருக்கட்டும். பெரியவர்கள் திருத்தி, கோட்டையும் நேராக்கி, நிழலும் போட்டுக் கொடுத்தால் அது பிள்ளையின் படமாக இருக்காது, பார்ப்பவருக்கும் உடனே தெரிந்துவிடும்.

மொழியைப் பற்றியும் ஒன்று. வருகிறவர்களில் தமிழ் வாசிக்கத் தெரியாதவர்கள் நிறையப் பேர். ஒரு வரியைத் தமிழிலும் சிங்களத்திலும் ஆங்கிலத்திலும் எழுதுங்கள், தெரிந்தவரிடம் காட்டிச் சரிபார்த்த பிறகு. பத்து வரி எழுதினால் மூன்று மொழியிலும் யாரும் வாசிக்கமாட்டார்கள்.

பிள்ளையின் முழுப் பெயர், பாடசாலை, புகைப்படம் எல்லாவற்றையும் பொது இடத்தில் ஒட்ட வேண்டாம். முதற்பெயரும் வயதும் போதும். போட்டி வைத்து முதல் மூன்று படங்களை மட்டும் மாட்டுவதும் தேவையில்லாத வேலை. கீறிய பிள்ளை எல்லாம் வீட்டாரைக் கூட்டிக்கொண்டு வந்து தன் மரத்தைக் காட்டும், அந்த மரத்துக்கு அதற்குப் பிறகு காவல் தேவையில்லை. கோயில் வளவென்றால் கோயிலை நிர்வகிக்கும் வண்ணக்கரிடமும், தெருவோரமென்றால் பிரதேச சபையிடமும் முதலே கேட்டுவிடுங்கள்.

கடைசியாக, மழை. பிரிஸ்டல் போட் என்ற தடித்த தாளில் பெஸ்டலால் கீறியதை அப்படியே வெளியில் வைத்தால் ஒரு தூறலுக்கும் தாங்காது. லமினேட் செய்தாலும் விளிம்பால் தண்ணீர் ஏறும், வெயிலில் நிறம் போகும், பிறகு அந்தப் பிளாஸ்டிக் கிழிந்து வாவியில் மிதக்கும். நாங்கள் இப்போது மூலப்படத்தைப் பிள்ளையிடமே கொடுத்துவிட்டு, பிரதியை மட்டும் பலகையில் வைக்கிறோம். வடகீழ்ப் பருவமழை பிடிக்குமுன், ஐப்பசி பிறந்ததும் எல்லாவற்றையும் கழற்றி உள்ளே வைத்துவிடுவோம். கம்புகள் மட்டும் நிற்கும், அடுத்த சித்திரைக்கு.