கொப்பரை காயும்போது தேனீப் பெட்டியின் வாசலையும் பாருங்கள்

களத்தில் கொப்பரையோ மஞ்சளோ காயும்போது, தோப்பில் தேனீப் பெட்டி இருந்தால் அதன் வாசலை அவ்வப்போது ஒரு பார்வை பாருங்கள். பட்டப்பகலில் தேனீக்கள் திமுதிமுவென்று உள்ளே நுழைகின்றன, வெளியே போவது அநேகமாக நின்றுவிட்டது என்றால் மழை வரப்போகிறது என்று தார்ப்பாயை எடுத்து மூடிவிடலாம்.

நனைந்து குளிர்ந்துபோன தேனீயால் பறக்க முடியாது. அதனால் மேகம் கவிந்து வெளிச்சம் மங்கும்போதே மேயப் போனவை கூடு திரும்பத் தொடங்கிவிடும். சித்திரை, வைகாசியில் மதியத்துக்கு மேல் திடீரென்று இறங்கும் கோடை மழைக்கு இது நன்றாகவே கைகொடுக்கும். அப்புறம், அந்த நேரத்தில் தேன் எடுக்கப் பெட்டியைத் திறந்துவிடாதீர்கள். வெளியே மேயும் மூத்த தேனீக்கள் எல்லாம் வீட்டில் இருக்கும். அதிகம் கொட்டுவதும் அவைதான்.

நாளைய மழையை இது சொல்லாது. பொழுது சாயும்போது அவை திரும்புவது அன்றாட வழக்கம், அதைக் கணக்கில் சேர்க்க வேண்டாம். பாலக்காட்டுக் கணவாய் வழியாக ஆடிக்காற்று அடிக்கும் நாட்களிலும் இதை நம்ப முடியாது: பலத்த காற்றுக்கே தேனீக்கள் உள்ளே அடங்கிவிடும், மழை ஒரு சொட்டுகூட விழாது.