புரோட்டீன் டப்பாவின் பின்பக்கம்: ஜிம்முக்குப் போகிறவர்கள் செய்யும் தவறுகள்

போன மாதம் அக்கா மகன் மூன்று கிலோ டப்பா ஒன்றைத் தூக்கிக்கொண்டு வந்தான். அட்டையில் தோள் புடைத்த ஆள் படம். "மாமா, 2,400 ரூபாய்தான், ஆஃபர்ல வாங்கினேன். மாஸ்டரே சொன்னாரு" என்றான். திருப்பிப் பின்பக்கம் பார்த்தோம். பொடி எழுத்து; போனில் படம் எடுத்துப் பெரிதாக்கித்தான் படிக்க முடிந்தது. 100 கிராமில் புரதம் 15 கிராம், மாவுச்சத்து 78 கிராம். சேர்மானங்களில் முதலில் நின்ற பெயர் மால்டோடெக்ஸ்ட்ரின். எடை அதிகமுள்ள பொருளை முதலில் எழுத வேண்டும் என்பது விதி. மால்டோடெக்ஸ்ட்ரின் என்பது மக்காச்சோளம், மரவள்ளி போன்றவற்றின் மாவுச்சத்தை உடைத்துச் செய்யும் பொடி. சீனி அளவுக்கு இனிக்காது. ரத்தத்தில் சர்க்கரையை மட்டும் விறுவிறுவென்று ஏற்றிவிடும். புரோட்டீன் என்று நினைத்துப் பையன் வாங்கி வந்தது சாக்லேட் வாசனை போட்ட மாவு. உடல் எடையைக் கூட்டும் என்று மாஸ் கெய்னர் என்ற பெயரில் விற்கும் பலவற்றின் கதை இதுதான். சோறும் வாழைப்பழமும் கிடைக்கிற ஊரில் இதற்குக் காசு கொடுப்பது எனக்குப் புரியவே இல்லை.

அப்படியானால் சப்ளிமென்ட் எல்லாமே ஏமாற்றா? இல்லை. சில வேலை செய்யும், ஆனால் கொஞ்சமாகத்தான் செய்யும். சர்வதேச ஒலிம்பிக் கமிட்டி 2018-இல் வெளியிட்ட அறிக்கையில், ஆட்டத்திறனை நேரடியாகக் கூட்டுவதற்கு நல்ல ஆதாரம் உள்ளவை என்று ஐந்தைத்தான் சொன்னது: காஃபின், கிரியாட்டின், பீட்ரூட்டில் உள்ளது போன்ற நைட்ரேட், பீட்டா அலனைன், சோடியம் பைகார்பனேட். கடைசியாகச் சொன்னது நம் வீட்டு ஆப்பசோடாதான். உடனே கரைத்துக் குடித்துப் பார்க்காதீர்கள், வயிற்றைக் கலக்கிவிடும். அது 400, 800 மீட்டர் ஓடுகிறவர்களின் கணக்கு. கடை அலமாரியில் நூறு டப்பா இருந்தாலும் ஆதாரம் தேறுவது இவ்வளவுதான்.

புரோட்டீன் பவுடர் இந்த ஐந்தில் இல்லை, ஏனென்றால் அது சாப்பாடு. புரோட்டீன் பவுடர்களில் ஒன்றான வே என்பது பால் திரிந்து பாலாடைக்கட்டி எடுத்தபின் மிஞ்சும் தண்ணீரிலிருந்து பிரிக்கும் புரதம். ஒரு ஸ்கூப்பில் 24 கிராம் புரதம் என்றால் ஏறக்குறைய நான்கு முட்டை. எனவே முதல் தவறு, தட்டைக் கணக்குப் பார்க்காமல் டப்பா வாங்குவது. எடை தூக்கிப் பயிற்சி செய்பவருக்கு உடல் எடையில் கிலோவுக்கு 1.6 கிராம் வரை புரதம் இருந்தால் போதுமானது. அதற்கு மேல் போனால் தசைக்குக் கிடைக்கும் கூடுதல் லாபம் சொற்பம். 65 கிலோ பையனுக்கு 104 கிராம். அவன் தட்டை இருவரும் எழுதிப் பார்த்தோம். காலை நாலு இட்லி, சாம்பார்: 12 கிராம். மதியம் சோறு, குழம்பு, பொரியல், தயிர்: 15. சாயங்காலம் வடை, டீ: 5. ராத்திரி மூணு தோசை: 10. மொத்தம் 42. பாதிகூட இல்லை. மூன்று முட்டைக்கு 18, கோழிக்கறி 100 கிராமுக்கு 22, காய்ந்த மீல்மேக்கர் 50 கிராமுக்கு 26 என்று சேர்த்தால் 108 வந்துவிடுகிறது. விடுதியில் தங்கியிருப்பவர், கறி முட்டை தொடாதவர், சமைக்க நேரமில்லாதவர் ஒரு ஸ்கூப் வைத்துக்கொண்டால் தப்பில்லை. அது வசதிக்கு. பயிற்சி முடிந்து அரை மணிக்குள் குடிக்காவிட்டால் வீண் என்பார்கள்; நாள் முழுக்கச் சேரும் அளவுதான் பெரிது, ஷேக்கரோடு ஓட வேண்டாம்.

வே குடிக்கிறவர் கூடவே பிசிஏஏ, அதாவது புரதத்தின் துண்டுகளான அமினோ அமிலங்களில் மூன்றை மட்டும் அடைத்த பொடி, வாங்குவது வடைக்கு உளுந்து ஆட்டிவிட்டு உளுந்தைத் தனியாக வாங்கி மெல்லுவது போல. லியூசின், ஐசோலியூசின், வாலின் ஆகிய அந்த மூன்றும் வேயிலேயே இருக்கின்றன. தசைக்குச் சாப்பாட்டிலிருந்து கிடைத்தே ஆக வேண்டிய அமினோ அமிலங்கள் ஒன்பது. மூன்றை மட்டும் கொடுத்துப் பயனில்லை.

கிரியாட்டினில் நடப்பது தலைகீழான தவறு: உண்மையில் வேலை செய்வதைப் பார்த்துப் பயப்படுவது. "அது ஸ்டீராய்டு, கிட்னி போயிடும்" என்று என்னிடமே எத்தனையோ பேர் சொல்லியிருக்கிறார்கள். கிரியாட்டின் கறியிலும் மீனிலும் இருப்பது. நம் உடம்பும் தினம் ஒரு கிராம் அளவுக்குச் செய்துகொள்கிறது. தசைக்குள் பாஸ்போகிரியாட்டினாகச் சேர்ந்திருந்து, பளு தூக்கும் அந்தச் சில நொடிகளுக்கு வேண்டிய சக்தியை உடனே மீட்டுத் தருகிறது. தினம் 3 முதல் 5 கிராம் போதும். மோனோஹைட்ரேட் என்ற சாதா வகையே போதும். ஏறக்குறைய நாலு வாரத்தில் தசை நிரம்பிவிடும். முதலில் ஒரு கிலோ கூடினால் அது தசைக்குள் சேர்ந்த தண்ணீர்.

கிட்னி பயம் எங்கிருந்து வருகிறதென்றால் லேப் ரிப்போர்ட்டிலிருந்து. கிரியாட்டின் சிதைந்து கிரியாட்டினினாக வெளியேறும். சிறுநீரகத்தின் நலத்தை அளக்க லேபில் பார்ப்பதும் அதே கிரியாட்டினினைத்தான். பொடி சாப்பிடுகிறவருக்கு அது கொஞ்சம் ஏறித் தெரியும், சிறுநீரகம் நன்றாக இருந்தாலும். எனக்கே 1.4 என்று சிவப்பில் அடித்து வந்து, இரண்டு நாள் தூக்கம் போயிற்று. டாக்டரிடம் பொடி சாப்பிடுவதைச் சொன்ன பிறகு அவர் எழுதித் தந்த சிஸ்டாடின் சி பரிசோதனை (கிரியாட்டினினை நம்பாமல் சிறுநீரகத்தை அளப்பது) சரியாக வந்தது. சொல்லாமல் மறைப்பதுதான் தவறு. சர்க்கரை, ரத்த அழுத்தம், ஏற்கெனவே சிறுநீரகக் கோளாறு உள்ளவர்கள் கிரியாட்டினோ கூடுதல் புரதமோ தொடங்கும் முன்பே டாக்டரைக் கேட்டுவிட வேண்டும்.

பயிற்சிக்கு முன் குடிக்கும் ப்ரீ-வொர்க்அவுட் பொடியைக் குடித்ததும் முகத்தில் எறும்பு ஊர்கிற மாதிரி இருக்கும். "பவர் ஏறுது" என்பான் பக்கத்தில் நிற்பவன். அது பீட்டா அலனைன் தோல் நரம்புகளைத் தூண்டுவதால் வரும் கூச்சம். அந்தப் பொருள் பல வாரம் தினமும் எடுத்தால்தான் பலன் தரும். அன்றைக்கு உண்மையில் வேலை செய்வது காஃபின். அதன் பாதி அளவு உடம்பை விட்டுப் போகச் சராசரியாக ஐந்து மணி நேரம் ஆகும். வேலை முடிந்து ராத்திரி எட்டு மணிக்கு 200 மில்லிகிராம் விழுங்கினால், ஒரு மணிக்கும் 100 மில்லிகிராம், அதாவது ஏறக்குறைய ஒரு காபி, உடம்பில் ஓடிக்கொண்டிருக்கும். தசை தேறுகிற தூக்கத்தை விற்று எனர்ஜி வாங்குகிற வியாபாரம் இது. தண்ணீர் கலக்காமல் பொடியை வாயில் கொட்டிக்கொள்ளும் வீடியோக்களைப் பார்த்துச் செய்யவே செய்யாதீர்கள். புரையேறும், இதயமும் படபடக்கும்.

கொழுப்பைக் கரைக்கும் என்று விற்கும் ஃபேட் பர்னர் பற்றி நீட்ட விரும்பவில்லை. வாங்க வேண்டாம்.

அடுத்தது, டப்பாவில் எழுதியிருப்பதை அப்படியே நம்புவது. புரதத்தை அளக்கும் வழக்கமான முறை நைட்ரஜனை அளந்து 6.25-ஆல் பெருக்குவது. கிளைசின், டாரின் போன்ற மலிவான அமினோ அமிலத்தைக் கலந்தால் நைட்ரஜன் கூடும். லேபிளில் 'புரதம்' ஏறிவிடும். 2024-இல் வெளியான ஒரு ஆய்வில் இந்தியச் சந்தையில் விற்கும் 36 புரதப் பொருள்களைச் சோதித்தார்கள். ஏறக்குறைய 70 சதவீதத்தில் புரத அளவு லேபிளோடு ஒத்துப்போகவில்லை, சுமார் 14 சதவீதத்தில் பூஞ்சை நச்சான அஃப்ளாடாக்சின் இருந்தது. அதனால் வாங்கும்போது 14 இலக்க எஃப்எஸ்எஸ்ஏஐ (இந்திய உணவுப் பாதுகாப்பு ஆணையம்) உரிம எண், இறக்குமதியாளர் முகவரி, பேட்ச் எண் மூன்றையும் பாருங்கள். பாலித்தீன் பையில் 'லூஸ்' ஆகப் பிரித்துத் தருவதைத் தொடாதீர்கள்.

போட்டிக்குப் போகிறவர்களுக்கு இது இன்னும் கறாரான விஷயம். கபடி ஆடினாலும் பளு தூக்கினாலும், ஊக்கமருந்துச் சோதனையில் சிக்கினால் "பவுடரில் கலந்திருந்தது எனக்குத் தெரியாது" என்ற பதில் மட்டும் காப்பாற்றாது. உடம்புக்குள் இருப்பதற்கு வீரரே பொறுப்பு. ஜெர்மனியின் கொலோன் ஊக்கமருந்துச் சோதனை ஆய்வகம் 2000–2001-இல் 13 நாடுகளில் வாங்கிய 634 சப்ளிமென்ட்டுகளைச் சோதித்தபோது, 94-இல் லேபிளில் சொல்லாத ஹார்மோன் பொருள்கள் இருந்தன. அதனால் விவரம் தெரிந்த வீரர்கள் பேட்ச் வாரியாகச் சோதித்துச் சான்று பெற்றதையே வாங்குகிறார்கள், பில்லோடு அதே பேட்ச்சில் ஒரு டப்பாவைப் பிரிக்காமல் பீரோவில் வைத்துக்கொள்கிறார்கள்.